ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரி

ஹாம்பர்க், ஜெர்மனி
12-2-2007

மரியாதைக்குரிய ஞானம்மாள் அம்மாவுக்கு,

உப்பிலி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ஐயாவும் உடல் நலத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெற்றோர் ஊரப்பாக்கத்தில் இருக்கிறார்கள். நான் ஒன்பது வருடமாக இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன். உங்கள் மகன் தேவேந்திரனும் நானும் மூன்று வருடம் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தோம். நேரில் பார்த்துக்கொண்டதில்லை, எல்லாம் ஈமெயிலில்தான். அவர் விபத்தில் இறந்த செய்தியை, அவர் வேலை பார்த்த செங்கல்பட்டு வீடியோ கடை உரிமையாளர் சம்பத் அப்போதே எனக்குத் தெரிவித்தார். அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மன்னியுங்கள்.

நாங்கள் செய்தது 'சங்கிலி' என்ற வீடியோ புரோகிராம். பல நாடுகளில் இருக்கும் நாற்பத்தோரு பேர் சம்பளம் இல்லாமல் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் தேவேந்திரன் எழுதியது 1312 வரி. இப்போது அதன் உரிம விதியை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு எழுதியவர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது பேர் போட்டுவிட்டோம். கல்யாணம் ஆகாத மகனுக்கு வாரிசு தாயார்தான் என்று வக்கீல் சொன்னார். படிவம் இணைத்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழ் நகலோடு கையெழுத்திட்டு அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
உப்பிலி

எல்லையம்மன் துணை
திருவிடந்தை குப்பம்
9-3-2007

உப்பிலி தம்பிக்கு ஞானம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

கடுதாசி வந்தபோது நான் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர், "இன்னாமா, உன் பேருக்கு ஜெர்மனிலேர்ந்து வந்துகீது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். தேவேந்திரன் அப்பா, "வஞ்சிரம் கேட்டு எழுதிக்கிறான் போல. மீன்பாடு சரியில்லன்னு பதில் போட்டுடு" என்றார். உள்ளே பிள்ளை பேரைப் பார்த்ததும் எழுந்து கட்டுமரத்துப் பக்கம் போய்விட்டார். பொழுது சாய்ந்துதான் திரும்பினார்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடத் தெரியும். எதற்கென்று தெரியாமல் போட மாட்டேன். சுனாமிக்கு அப்புறம் நிறையக் காகிதத்தில் போட்டோம், எதற்குப் போட்டோம் என்று இன்றைக்கும் தெரியாது.

அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது தம்பி. கடையில் கல்யாண கேசட் வேலை. அது தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்துகொள்வான். "இன்னாடா அது?" என்றால், "இது வேற வேலம்மா" என்பான். "எவன்டா இதுக்குச் சம்பளம் குடுக்கறான்?" என்றால் சிரிப்பான். நான் அந்த வேலையைத் திட்டாத நாள் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரைக் கடல் கொண்டுபோய்விட்டது. நோட்டுப் புத்தகமெல்லாம் அதோடு போனது. அவன் எழுதினது என்று ஒரு துண்டுக் காகிதம் எங்களிடம் இல்லை. நீங்கள் 1312 வரி இருக்கிறது என்கிறீர்கள். அது என்ன வரி? நான் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும்? எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கள்.

நாலு வருஷம் கழித்து எழுதினீர்கள் என்று குறை இல்லை. வேறு யாரும் எழுதவே இல்லை.

இப்படிக்கு,
தேவேந்திரன் அம்மா ஞானம்மாள்

ஹாம்பர்க்
28-3-2007

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். இருவரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

வீடியோ என்பது ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படங்கள். 'சங்கிலி' அந்தப் படங்களைப் பிரித்து, வரிசையாக நிற்கும் ஆட்கள் கைமாற்றிக் கொடுப்பதுபோல் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குக் கொடுக்கும். ஒருவர் நிறம் சரிசெய்யும் பகுதியை எழுதினார். இன்னொருவர் சத்தத்தைச் சுத்தம் செய்யும் பகுதியை எழுதினார். தேவேந்திரன் எழுதியது கெட்டுப்போன கேசட்டைச் சரிசெய்யும் பகுதி. உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்த கேசட்டுகள் கடைக்கு நிறைய வருகின்றன, போட்டால் வெள்ளைக் கோடு ஓடுகிறது என்று எழுதுவார். அவர் வரிகள் கெட்ட படத்துக்கு முன்னால் இருக்கிற படத்தையும் பின்னால் இருக்கிற படத்தையும் பார்த்து, நடுவில் போனதைக் கணக்கிட்டு நிரப்பும். நான் படித்த படிப்பில் அது எனக்கு வரவில்லை.

இப்போதுள்ள விதிப்படி, 'சங்கிலி'யை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், என்ன மாற்றினோம் என்பதையும் திறந்து கொடுக்க வேண்டும். டிவிப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனி இதைத் தன் பெட்டிக்குள் வைக்க விரும்புகிறது. தன் பங்கைத் திறந்துகாட்ட விரும்பவில்லை. விதியைத் தளர்த்தினால் எங்களுக்கு இரண்டு ஆட்களைத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்களில் பலர் விலகிவிட்டார்கள் அம்மா. இது நடக்காவிட்டால் வேலை நின்றுபோகும்.

நீங்கள் கையெழுத்திட்டால் அவர் வரிகள் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் அவற்றை எடுத்துவிட்டு வேறொருவர் புதிதாக எழுதுவார். பழைய பதிப்பு அழியாது. ஆனால் புதியது வந்தபின் பழையதை எடுப்பவர்கள் குறைவு.

1312 வரிகளையும் இருபத்துநாலு பக்கத்தில் அச்சிட்டு அனுப்புகிறேன். இவை உங்களுடையவை.

உங்கள்,
உப்பிலி

எல்லையம்மன் துணை
திருவிடந்தை குப்பம்
6-5-2007

உப்பிலி தம்பிக்கு, இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி குறைவில்லை. நீ குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். 'நீ' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இருபத்துநாலு பக்கமும் வந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடும். மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் மீனாட்சி பிள்ளையோடு வந்திருந்தாள். அவள் பத்தாவது. "எனக்கும் புரியலம்மா" என்று ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், பதினேழாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். இங்கிலீஷ் எழுத்தில் நம் பேச்சை எழுதியிருக்கிறான். "அம்மா கத்திகினு கீது. துன்னுட்டு வந்து மீதி." மீனாட்சி இரண்டு தடவை படித்தாள். நான் கேட்கவில்லை, தானாகவே மூன்றாவது தடவையும் படித்தாள்.

நீ எழுதின விதியை அவன் அப்பாவுக்குச் சொன்னேன். எனக்கு முன்னால் அவருக்கு விளங்கிவிட்டது. "பெரிய வலை இழுக்கறப்போ, போறவன் வர்றவன் கயித்துல கை வச்சாக்கூட ஒரு கூறு மீன் குடுக்கறோமா இல்லியா? அந்த மாறிதான் இது. இப்ப எவனோ ஒருத்தன் மீன அள்ளிகினு போயி வூட்டுக் கதவ சாத்திக்கறேன்றான்" என்றார். அப்படித்தானா தம்பி?

வாரிசுச் சான்றிதழுக்குச் செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர், "இன்னா சொத்துமா? நிலமா, வூடா?" என்றார். "எழுத்து சார்" என்றேன். "கதையா, பாட்டா?" "கம்ப்யூட்டர்ல எழுதினது சார். ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு வரி." அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம், "அப்பாவ விட அம்மாவுக்குத்தான் முதல் உரிமை" என்று அவரும் உங்கள் வக்கீல் மாதிரியே சொன்னார். பஸ்ஸில் வரும்போது தேவேந்திரன் அப்பா, "உசுரோட கீறப்பவே என்னை வலைக் கூறுலேர்ந்து தள்ளிட்டீங்களே" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சான்றிதழ் வர நாள் ஆகுமாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் கடைசியாக உங்களுக்கு அனுப்பினது எந்த நாள், எத்தனை மணிக்கு? உங்கள் மெஷினில் இருந்தால் எழுது. எதற்கு என்று கேட்காதே.

இப்படிக்கு,
ஞானம்மாள்

ஹாம்பர்க்
30-5-2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். மீனாட்சி அக்காவையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பதினேழாம் பக்கத்து வரி கம்ப்யூட்டர் படிக்கிற வரி இல்லை. கூட வேலை செய்பவர்களுக்காக எழுதிவைப்பது. இது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று பிரேசில்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார். சொன்னேன். இத்தனை வருடத்தில் யாரும் அதை அழிக்கவில்லை. வலையைப் பற்றி ஐயா சொன்னது சரி. அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டது: தேவேந்திரன் கடைசியாக அனுப்பிய மூன்றும் எங்கள் மெஷினில் இருக்கிற பதிவின்படி.

27-10-2002, 16.05
3-11-2002, 15.31
10-11-2002, 12.52

அதற்குப் பிறகு இல்லை.

உங்கள்,
உப்பிலி

எல்லையம்மன் துணை
திருவிடந்தை குப்பம்
17-6-2007

உப்பிலி தம்பிக்கு, உடம்பு எப்படி இருக்கிறது. எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் மெஷின் சொல்வது தப்பு. பத்தாம் தேதி பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவன் எதையும் அனுப்பவில்லை. அந்த நேரம் என் எதிரே உட்கார்ந்து சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் ஒயர் என் இடுப்பில் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிறேன், கேள்.

அப்போது மீனாட்சிக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அவள் மாமியார் ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்புகிறாள், "எப்ப போன் போட்டாலும் உங்க வூட்ல என்கேஜ், அப்படி யார்கிட்டதான் பேசிகினே கீறாங்க?" என்று. இவன் கம்ப்யூட்டரை போனில் மாட்டிவிட்டால் வேறு யாரும் கூப்பிட முடியாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் போய் அந்த ஒயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "அம்மா, இன்னிக்கு மட்டும் குடுமா. அனுப்பிட்டுத் தந்துடறேன்" என்று பின்னாலேயே வந்தான். "புள்ள பெத்துக்கப் போறவ பெருசா, உன் பேஜாரு புடிச்ச வேல பெருசா?" என்றேன். கோபப்படவில்லை. சாப்பிட்டான். மழை விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். விடவில்லை. நாலு மணிக்கு அதை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, "கடை போன்ல அனுப்பிட்டு வந்துடறேன்" என்று வண்டியில் செங்கல்பட்டுக்குக் கிளம்பினான். மீனாட்சி அன்றைக்குப் போன் பண்ணவே இல்லை.

திருப்போரூர் தாண்டி, செங்கல்பட்டு போகிற சாலையில், ஏரிக்கரை வளைவில் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஏழு மணி இருக்கும் என்றார்கள். கூடினவர்கள் வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று கேட்டேன், ஒருத்தருக்கும் நினைவில்லை. கடை அன்றைக்கு லீவு. சாவி அவனிடம் இருந்தது. அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று சம்பத் சொன்னார். ஃபிளாப்பி சட்டைப்பையில் இருந்தது. போகும்போதும் அது பையில்தான் இருக்கும், வரும்போதும் பையில்தான் இருக்கும். மழைக்கு எங்கே ஒதுங்கினானோ, அந்த வண்டி எத்தனை இடத்தில் நின்றதோ.

போகும்போதா வரும்போதா என்று தெரியாமல் நான் நாலரை வருஷம் இருக்கிறேன். அதைத்தான் உன்னிடம் கேட்டேன். நீ பகலில் ஒரு நேரத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

ஞானம்மாள்

ஹாம்பர்க்
25-6-2007

அம்மா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. உடனே எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. பல நாட்டு ஆட்கள் எழுதுவதால் எங்கள் மெஷினில் எந்த ஊர் நேரமும் வைப்பதில்லை. லண்டன் பக்கத்து கிரீன்விச் கடிகாரத்தைத்தான் வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பழகிவிட்டது, அதனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊர் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். பன்னிரண்டு ஐம்பத்திரண்டோடு ஐந்தரையைக் கூட்டுங்கள். மாலை ஆறு இருபத்திரண்டு.

அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தார் அம்மா. ஆறு இருபத்திரண்டுக்கு அனுப்பினார். பாதியில் நிற்காமல் முழுதாக வந்து சேர்ந்தது. அன்றைக்கே ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

சாப்பிடுங்கள்.

உப்பிலி

எல்லையம்மன் துணை
திருவிடந்தை குப்பம்
26-8-2007

உப்பிலி தம்பிக்கு, நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உன் கடுதாசி வந்த அன்றைக்கே அவன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ஒயரைப் பிடுங்கினதையும் சொன்னேன். அவர் கிழிந்த வலைக்குக் கண் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எனக்குத் தெரியும். உன் இடுப்புல பார்த்தேன்" என்றார். "தெரிஞ்சிகினு ஏன்யா ஒரு வார்த்த கேக்கல?" என்றேன். "கேட்டா இன்னா, வந்துடப் போறானா" என்றார். இன்னும் இரண்டு கண் போட்டுவிட்டு, "ஆறே கால்தான? வேலய முடிச்சிட்டுத்தான வந்தான்?" என்று கேட்டார். "ஆறு இருவத்திரெண்டு" என்றேன். தலையை ஆட்டினார். அதையே அன்றைக்கு நாலு தடவை கேட்டிருப்பார்.

சான்றிதழ் வந்துவிட்டது. உன் படிவம் என் பெட்டியில் இருக்கிறது. இருபத்துநாலு பக்கத்தை நான் வைத்துக்கொண்டாலும், அங்கே ஓடுகிற இடத்தில் அவன் வரி இருக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. கையெழுத்துப் போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. அவனிடம் கேட்காமல் ஒரு தடவை ஒயரைப் பிடுங்கினேன். இதையும் அவனைக் கேட்காமல் செய்யக் கூடாது.

மூன்று வருஷம் அவனோடு பேசினவன் நீ. இந்தக் கம்பெனிக்காரன் கேட்கிற மாதிரி அப்போது யாராவது கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? உனக்குத் தெரிந்ததை எழுது.

இப்படிக்கு,
ஞானம்மாள்

ஹாம்பர்க்
11-11-2007

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதத் தைரியம் இல்லை.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லியே இருக்கிறார். 2002 ஆகஸ்டில் இதே பேச்சு ஒருமுறை வந்தது. அப்போது எனக்கு எழுதினார்: "உப்பிலி அண்ணாத்த, இதுக்கு மட்டும் நான் வர மாட்டேன். எடுத்தவன் திருப்பிக் குடுக்கணும். அதுக்காகத்தான் சம்பளம் இல்லாம ஒக்காந்துகினு கீறேன். பூட்டி வெக்கணும்னா என் வரிய எடுத்துட்டு அப்பால பூட்டிக்கோ."

பிப்ரவரியில் உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே இது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு இரவு நாங்கள் புதிய பதிப்பு வெளியிட இருந்தோம். உன் பகுதி அதற்குள் வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திரு என்று அவருக்கு எழுதியது நான்தான். ஒரு நாள் தள்ளிவைத்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நாலு வருடம் உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

படிவத்தை நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

உப்பிலி

எல்லையம்மன் துணை
திருவிடந்தை குப்பம்
5-12-2007

உப்பிலி தம்பிக்கு ஞானம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே மழை, கடலுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. உடம்புக்குக் குறைவில்லை. ஊரப்பாக்கத்தில் உன் அப்பா அம்மா சுகம்தானே.

நீ கெடு வைத்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். உன் கடுதாசியை எல்லாம் அடுப்பில் போடலாமா என்றுகூட இருந்தது. மூன்றாம் நாள் அந்த ஆத்திரத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. நீ சொல்லாமலே விட்டிருக்கலாம். நான் எங்கே கண்டுபிடிக்கப் போகிறேன். சொன்னாய். நானும் உன்னிடம்தான் முதலில் சொன்னேன்.

படிவத்தைப் பற்றி வீட்டில் சண்டை வந்தது. வலை, கூறு என்று அன்றைக்கு அவ்வளவு பேசினவர் இப்போது, "போட்டுடு, புள்ள பேரு அங்க நிக்கும்" என்கிறார். "பேரு நிக்கும்யா, அவன் சொன்னது நிக்காது" என்றேன். "செத்தவன் சொன்னத வச்சிகினு இன்னா பண்ணுவ? நமக்குக் கெடக்கறது அந்த வரி ஒண்ணுதான்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவர் சொல்வது எனக்குத் தெரியாதா. ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடவில்லை. காலையில் அவரே வந்து, "என் வரிய எடுத்துட்டுன்னு அவனேதான் எழுதிக்கிறானா?" என்று கேட்டார். மீனாட்சியைப் படித்துக்காட்டச் சொன்னேன். கேட்டார். "அப்ப எடுத்துடச் சொல்லு" என்றார்.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் இதோடு அனுப்பியிருக்கிறேன். எடுத்துவிடு தம்பி. நீயே எடு. வேறு ஆளிடம் கொடுக்காதே. புதிதாக எழுதுகிறவன் நன்றாக எழுதட்டும், உங்கள் வேலை நிற்க வேண்டாம்.

என்றைக்கு எடுக்கப் போகிறாய் என்று முன்னாலேயே தேதி போட்டு எழுது. அன்றைக்கு நான் மீன் கூடை தூக்க மாட்டேன். அவரும் கடலில் இறங்க மாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டில் இருப்போம்.

அதற்கப்புறம் நீ எழுத வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுது.

இப்படிக்கு,
ஞானம்மாள்